உடம்பில் உள்ள நீரும் உப்பும்

1. கொடுக்கலாமா, கூடாதா?

சித்திரை மாதம். காலை பத்து மணி. வெயில் அப்போதே சுட்டது.

அந்த வீட்டில் ஒரு குழந்தை. வயது ஒன்றரை. எடை 10 கிலோ. விடியற்காலையில் இருந்து எட்டு முறை பேதியாகிவிட்டது. தண்ணீர் தண்ணீராகப் போயிற்று. இரண்டு முறை வாந்தியும் எடுத்தது.

குழந்தை சொம்பைப் பார்த்துக் கையை நீட்டியது. அதற்குத் தாகம். தாய் சொம்பை எடுத்தாள். மாமியார் தடுத்தார்.

“தண்ணி கொடுக்காதே. கொடுத்தா இன்னும் போகும். வயித்தைக் காயப் போடு. தானா நிக்கும்.”

“வாய் காய்ஞ்சு கிடக்கு அத்தை. அழுதா கண்ணுல தண்ணிகூட வரலை.”

“நான் சொல்றதைக் கேளு. உன் புருஷனுக்கும் இப்படித்தான் செஞ்சேன். பிழைக்கலையா?”

தாய் சொம்பைக் கீழே வைத்தாள். அவளுக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மாமியார் கெட்டவர் அல்ல. அவருக்குக் குழந்தை மேல் உயிர். அவர் மூன்று பிள்ளை பெற்றவர். அதில் ஒன்று பேதியில் போய்விட்டது. அந்தப் பயம்தான் அவரை அப்படிப் பேச வைத்தது.

அந்த நேரத்தில் நர்சம்மா தெருவில் வந்தார். கிராம சுகாதார செவிலியரை அந்த ஊரில் நர்சம்மா என்றுதான் சொல்வார்கள். தாய் ஓடிப்போய் அவரை அழைத்து வந்தாள்.

நர்சம்மா குழந்தையைப் பார்த்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. நாக்கு வறண்டிருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டார். நல்ல உடம்பில் அந்த மடிப்பு உடனே மறைந்துவிடும். இந்தக் குழந்தைக்கு அது மெதுவாகத்தான் மறைந்தது.

“தண்ணி கொடுத்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை. ஓட்டைப் பானையில ஊத்தினா ஒழுகத்தானே செய்யும்?” என்றார் மாமியார்.

“பெரியம்மா, வயல்ல தண்ணி வடியுதுன்னா பாய்ச்சுறதை நிறுத்துவீங்களா? நிறுத்தினா பயிர் காய்ஞ்சு போகாதா? பேதியில உயிர் போறது எதனால தெரியுமா? உடம்புத் தண்ணி வத்திப் போறதுனால. தண்ணியோட உப்பும் போயிடுது. ரெண்டையும் திருப்பிக் கொடுக்கணும்.”

நர்சம்மா பையில் இருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தாயிடம் கொடுத்தார்.

நர்சம்மா சொன்னது சரிதானா? நம் உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? உப்பு எதற்கு? அதைப் பார்ப்போம். பிறகு அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

2. உடம்பில் எவ்வளவு தண்ணீர்?

நம் உடம்பு கெட்டியாகத் தெரிகிறது. எலும்பு, சதை, தோல் என்று தொட்டால் தட்டுப்படுகிறது. ஆனால் உடம்பின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

50 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் உடம்பில் 25 முதல் 30 லிட்டர் வரை தண்ணீர் இருக்கும். அதாவது இரண்டு குடம்.

பிறந்த குழந்தையின் உடம்பில் இன்னும் அதிகம். நூற்றுக்கு 75 பங்கு தண்ணீர்.

இந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்வோம். அது சரி. ஆனால் ரத்தத்தில் இருப்பது கொஞ்சம்தான். நம் உடம்பு கோடிக்கணக்கான சிறு சிறு அறைகளால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத அறைகள். அவற்றுக்குச் செல் என்று பெயர். உடம்பில் உள்ள தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதி ஒரு பங்கு செல்களுக்கு வெளியே இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதும் இந்த ஒரு பங்கில் சேர்ந்ததே.

ஒவ்வொரு நாளும் தண்ணீர் உள்ளே வருகிறது. குடிநீர், கஞ்சி, குழம்பு, பழம் எல்லாவற்றிலும் வருகிறது. ஒவ்வொரு நாளும் வெளியேயும் போகிறது. சிறுநீரில் போகிறது. வியர்வையில் போகிறது. நாம் விடும் மூச்சிலும் ஈரம் போகிறது. கண்ணாடி மேல் ஊதிப் பாருங்கள். ஈரம் படியும்.

வரவும் செலவும் சமமாக இருந்தால் உடம்பு நலமாக இருக்கும். வரவு குறைந்து செலவு கூடினால் தொல்லை.

பெரியவர் உடம்பில் 1 லிட்டர் குறைந்தால் தாகம் எடுக்கும், களைப்பாக இருக்கும். தாங்கிக்கொள்வார். அதே 1 லிட்டர் 10 கிலோ குழந்தையின் உடம்பில் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தையின் குடம் சிறியது. சீக்கிரம் காலியாகிவிடும்.

3. உப்பு எதற்கு?

கண்ணீர் உப்புக் கரிக்கிறது. வியர்வையும் கரிக்கிறது. காரணம், உடம்பில் உள்ள தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. அது உப்புத் தண்ணீர்.

மருத்துவமனையில் கையில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். 1 லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் ரத்தத்துக்கு ஒத்துப்போகும் அளவு அது. அதனால்தான் அதை ரத்தத்தில் ஏற்ற முடிகிறது. வெறும் தண்ணீரை அப்படி ஏற்றக் கூடாது. ஏற்றினால் ரத்தச் செல்கள் உப்பி வெடித்துவிடும்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. அது தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இது தெரியும். மாங்காயை நறுக்கி உப்பைப் போட்டு வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. மறுநாள் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. வெளியே இருந்த உப்பு, மாங்காய்க்கு உள்ளே இருந்த தண்ணீரை இழுத்துவிட்டது. மாங்காய்த் துண்டு சுருங்கிவிட்டது.

இன்னொன்றும் பார்க்கலாம். காய்ந்த திராட்சையை வெறும் தண்ணீரில் போடுங்கள். சில மணி நேரத்தில் அது உப்பிவிடும். திராட்சைக்கு உள்ளே சர்க்கரை அதிகம். அது வெளியே இருந்த தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டது.

நம் செல்களும் அப்படித்தான். ரத்தத்தில் உப்பு கூடினால் செல்கள் மாங்காய்த் துண்டைப் போலச் சுருங்கும். ரத்தத்தில் உப்பு குறைந்தால் செல்கள் திராட்சையைப் போல உப்பும். இரண்டும் தவறு. மூளையின் செல்கள் உப்பினால் தலை வலிக்கும், குழப்பம் வரும், வலிப்பும் வரலாம். மண்டை ஓடு கெட்டியானது. மூளை உப்பினால் அதற்கு இடம் ஏது?

சாப்பாட்டு உப்பில் சோடியம் என்ற பொருள் இருக்கிறது. இது பெரும்பாலும் செல்களுக்கு வெளியே இருக்கும். பொட்டாசியம் என்று இன்னொன்று உண்டு. இது பெரும்பாலும் செல்களுக்கு உள்ளே இருக்கும். சதை இழுத்து விரிவதற்கும் இதயம் ஒழுங்காகத் துடிப்பதற்கும் இரண்டும் வேண்டும். பொட்டாசியம் வாழைப்பழத்திலும் இளநீரிலும் பருப்பிலும் கீரையிலும் கிடைக்கிறது.

டாக்டர்கள் இந்த உப்புகளை எலக்ட்ரோலைட் என்று சொல்வார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இவற்றின் பெயர் இருக்கும். சோடியம் 135 முதல் 145 வரை இருந்தால் சரி. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருந்தால் சரி. அடுத்த முறை சீட்டு கைக்கு வந்தால் நீங்களே படித்துப் பாருங்கள்.

4. கணக்குப் பார்ப்பது யார்?

ஒரு நாள் நாம் அதிகம் குடிக்கிறோம். ஒரு நாள் குறைவாகக் குடிக்கிறோம். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. ஒரு நாள் உப்பில்லாக் கஞ்சி. ஆனால் ரத்தத்தில் உள்ள உப்பின் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. இது எப்படி?

உடம்புக்குள் கணக்குப் பார்க்கும் இடங்கள் இருக்கின்றன.

முதல் இடம் மூளை. மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு இடம் இருக்கிறது. அதன் வழியாக ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் உப்பு கொஞ்சம் ஏறினாலும் அந்த இடத்துக்குத் தெரிந்துவிடும். உடனே அது இரண்டு வேலை செய்யும். ஒன்று, “தண்ணீர் குடி” என்று நமக்குச் சொல்லும். அதுதான் தாகம். இரண்டு, சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்பும். “தண்ணீரை வெளியே விடாதே, பிடித்து வை” என்பதே அந்தச் செய்தி. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் இருந்து ஒரு சுரப்பு நீர் ரத்தத்தில் கலக்கும். அந்தச் சுரப்பு நீர்தான் செய்தி.

இரண்டாவது இடம் சிறுநீரகம். முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே, இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. அவை ஒரு நாளில் 180 லிட்டர் நீரை ரத்தத்தில் இருந்து வடிகட்டுகின்றன. 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் ஊற்றினால் 12 குடம். இவ்வளவும் சிறுநீராகப் போனால் நாம் என்ன ஆவோம்? அப்படிப் போவதில்லை. வடிகட்டியதில் நூற்றுக்கு 99 பங்கைச் சிறுநீரகம் திரும்ப எடுத்து ரத்தத்திலேயே சேர்த்துவிடுகிறது. ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது.

“பிடித்து வை” என்ற செய்தி வந்தால் சிறுநீர் குறையும். நிறம் கடும் மஞ்சளாக மாறும். தண்ணீர் போதிய அளவு குடித்தால் செய்தி நின்றுவிடும். சிறுநீர் அதிகமாகும். நிறம் வெளுக்கும். ஆகவே சிறுநீரின் நிறமே ஒரு சீட்டுப் போல. அதைப் பார்த்தே உடம்பின் நிலையை ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது இடம், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி. இதன் வேலை உப்பைப் பார்ப்பது. உடம்பில் உப்பு குறைந்து ரத்த ஓட்டம் தளர்ந்தால் இது ஒரு செய்தி அனுப்பும். “உப்பை வெளியே விடாதே” என்று சொல்லும். சிறுநீரகம் உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். உப்பு இருக்கும் இடத்துக்குத் தண்ணீரும் வரும்.

இப்படி நாம் தூங்கும்போதும் கணக்கு நடக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சிறுநீரகம் இருக்கும் தண்ணீரைத்தான் மிச்சம் பிடிக்கும். இல்லாத தண்ணீரை உண்டாக்காது. கழிவை வெளியேற்ற அதற்கு நாள்தோறும் அரை லிட்டராவது தண்ணீர் வேண்டும். இழந்ததை நாம்தான் வாய் வழியாகத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

5. பேதியில் என்ன நடக்கிறது?

நாம் ஒரு நாளில் 2 லிட்டர் அளவு நீரைக் குடித்தும் உண்டும் உள்ளே அனுப்புகிறோம். ஆனால் குடலுக்குள் வருவது 9 லிட்டர். மீதி 7 லிட்டர் எங்கே இருந்து வருகிறது? உடம்பே அனுப்புகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்த நீர், குடல் நீர் எல்லாம் சேர்ந்து 7 லிட்டர். சாப்பாடு செரிக்க அவ்வளவு நீர் வேண்டும். வேலை முடிந்ததும் குடல் அந்த நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தில் ஒரு டம்ளர் அளவுகூடப் போவதில்லை.

பேதி வந்தால் இந்த வேலை கெடுகிறது. குடல் உறிஞ்சுவது குறைகிறது. குடலுக்குள் ஊறுவது கூடுகிறது. தண்ணீரும் உப்பும் சேர்ந்து வெளியே கொட்டுகின்றன. காலரா கடுமையாக வந்தால் ஒரு பெரியவருக்கு ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர்கூடப் போகலாம்.

நாம் தண்ணீர் கொடுக்காவிட்டாலும் பேதி போகும். உடம்பில் இருக்கும் தண்ணீர்தான் போகிறது. வயிற்றைக் காயப் போட்டால் பேதி நிற்பது போலத் தெரியலாம். உடம்பு வற்றிவிட்டதால் நின்றிருக்கலாம். அது நலம் அல்ல.

வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதுமா? போதாது. உப்பும் போயிருக்கிறதே! வெறும் தண்ணீரையே நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் இருக்கும் உப்பும் நீர்த்துப்போகும்.

உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால்? அதுவும் சரிவராது. பேதி வந்த குடல் அதைச் சரியாக உறிஞ்சாது.

இங்கேதான் சர்க்கரை உதவுகிறது. குடல் சுவரில் சிறு சிறு வாசல்கள் இருக்கின்றன. சில வாசல்கள் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். தனித்தனியாக வந்தால் திறக்காது. இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியிலும் காலராவிலும் இந்த வாசல்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. சர்க்கரை இங்கே வெறும் ருசிக்கு அல்ல. அது உப்பையும் தண்ணீரையும் உள்ளே அழைத்துப் போகும் துணை.

ஆனால் அளவு முக்கியம். சர்க்கரை அதிகமானால் அது தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். உப்பு அதிகமானால் ரத்தத்தில் உப்பு ஏறும். மூளையின் செல்கள் சுருங்கும்.

6. போன்காவ் ஊரில் நடந்தது

சர்க்கரை, உப்பு, தண்ணீர். இந்த மூன்றும் உயிர் காக்கும் என்பதை ஊர் அறியச் செய்த நிகழ்ச்சி நம் நாட்டில்தான் நடந்தது.

மேற்கு வங்காளத்தில் போன்காவ் என்று ஒரு ஊர் இருக்கிறது. வங்கதேச எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஊர். 1971-ஆம் ஆண்டு வங்கதேசத்தில் விடுதலைப் போர் நடந்தது. உயிர் தப்பி ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். முகாம்களில் கூட்டம். மழைக்காலம். நல்ல தண்ணீர் இல்லை. காலரா பரவியது.

போன்காவ் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கட்டில் போதவில்லை. இரண்டு அறைகளில் தரையெல்லாம் நோயாளிகள் படுத்துக் கிடந்தார்கள். டாக்டர்கள் அந்த அழுக்குக்கு நடுவில் முழங்காலிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது. காலராவுக்கு அன்று சலைன் ஏற்றுவதுதான் வைத்தியம். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி குத்தத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

அங்கே ஒரு டாக்டர் இருந்தார். பெயர் திலீப் மஹலனாபிஸ். குழந்தைகள் மருத்துவர். சர்க்கரை கலந்த உப்புத் தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். 1960-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் டாக்டர்கள் அதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஆனால் அது மருத்துவமனையில், டாக்டர்களின் கண் முன்னால் நடந்தது. முகாமில், சாதாரண மக்கள் கையில் கொடுத்தால் சரிவருமா? யாருக்கும் நிச்சயம் இல்லை.

வேறு வழியும் இல்லை. அவர் துணிந்தார்.

கல்கத்தாவில் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பிளாஸ்டிக் பைகளில் போட்டார்கள். பையின் வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். 1 லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா என்பது கணக்கு. போன்காவில் அதைப் பீப்பாயில் தண்ணீர் விட்டுக் கரைத்தார்கள். தாய், தந்தை, அண்ணன், அக்கா என்று நோயாளியின் உறவினர்களே டம்ளரில் பிடித்துக் கொடுத்தார்கள்.

முன்பு 100 நோயாளிகளில் 30 பேர் இறந்தார்கள். இந்தக் கரைசல் கொடுத்த பிறகு 100 பேரில் இறந்தவர்கள் 4 பேருக்கும் குறைவு. 3,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி வைத்தியம் நடந்தது.

அங்கே கரைசலைக் கொடுத்தவர்களில் பலர் படித்தவர்கள் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கொடுத்தார்கள். அதுதான் வைத்தியம்.

பிறகு உலகம் முழுவதும் இந்த வழி பரவியது. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் பாக்கெட்டுகள் வந்தன. இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று லான்செட் என்ற மருத்துவ இதழ் 1978-ல் எழுதியது. 2002-ல் உப்பின் அளவையும் சர்க்கரையின் அளவையும் குறைத்து இன்னும் நல்ல கலவை வந்தது. இன்றைய பாக்கெட்டில் பொட்டாசியமும் சேர்ந்திருக்கிறது.

டாக்டர் மஹலனாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு, 2023-ல், இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

7. மறுபடியும் அந்த வீட்டில்

தாய் கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தது. நர்சம்மா கை கழுவப் போயிருந்தார்.

“சீக்கிரம் டம்ளர்ல கொட்டிக் கலக்கு” என்றார் மாமியார். தண்ணீர் கொடுக்க இப்போது அவருக்கும் அவசரம்.

தாய் பாக்கெட்டைப் பிரிக்கப் போனாள். அப்போது அதில் இருந்த எழுத்து கண்ணில் பட்டது. அவள் ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறாள். நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“ஒரு... லிட்டர்... தண்ணீரில்... முழுவதும்... அத்தை, டம்ளர்ல கலக்கக் கூடாது. 1 லிட்டர்ல கலக்கணும்னு போட்டிருக்கு.”

நர்சம்மா திரும்பி வந்தார். “சரியாப் படிச்சே. டம்ளர்ல கொட்டியிருந்தா உப்பு ஏறிப்போய்க் குழந்தைக்கு ஆபத்தாகியிருக்கும். 200 மில்லிக்குன்னு சின்ன பாக்கெட்டும் உண்டு. அதனால எப்பவும் படிச்சுப் பார்த்துத்தான் கலக்கணும்” என்றார்.

வீட்டில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை அதில் அளந்து பாத்திரத்தில் ஊற்றினாள். முழுப் பாக்கெட்டையும் போட்டுக் கரைத்தாள்.

“முதல் 4 மணி நேரத்துல முக்கால் லிட்டர் உள்ளே போகணும். உன் பிள்ளை எடைக்கு அதுதான் கணக்கு. ஸ்பூன் ஸ்பூனாக் கொடு. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக் கொடு. தாய்ப்பாலை நிறுத்தாதே” என்றார் நர்சம்மா.

அவர் மணிக்கு ஒரு முறை வந்து பார்த்தார். தாய் கை ஓய்ந்தபோது மாமியார் ஸ்பூனை வாங்கிக்கொண்டார்.

மதியம் இரண்டரை மணிக்குக் குழந்தை அழுதது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் சிறுநீரும் கழிந்தது. பேதி இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் குழந்தையின் முகத்தில் களை வந்துவிட்டது.

மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

“அன்னைக்கு எனக்கு இதை யாரும் சொல்லலையே.”

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

8. நாம் செய்ய வேண்டியது

பேதி தொடங்கிய உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். கண் உள்ளே போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் கொடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி.

கரைத்த கரைசலை மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பாக்கெட் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். 1 லிட்டர் சுத்தமான தண்ணீர். தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. நன்றாகக் கரையுங்கள். முதலில் நீங்கள் ருசி பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. இது பாக்கெட் வரும் வரைதான். பாக்கெட் கிடைத்ததும் அதையே கொடுங்கள்.

சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை தருவார்கள். பேதி நின்றாலும் அதை 14 நாள் கொடுக்க வேண்டும்.

குளிர்பானமும் டப்பாவில் வரும் பழச்சாறும் பேதிக்கு மருந்து அல்ல. அவற்றில் சர்க்கரை அதிகம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இவை: குழந்தை குடிக்க முடியாமல் கிடப்பது. எழுப்பினாலும் சோர்ந்து விழுவது. எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுப்பது. மலத்தில் ரத்தம். வலிப்பு. வெகு நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது. போகும் வழியிலும், குழந்தை விழுங்கினால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

9. வெயிலில் உழைப்பவர்களுக்கு

செங்கல் சூளையில், வயலில், சாலை வேலையில் உழைப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வியர்வைகூடப் போகலாம். வியர்வையோடு உப்பும் போகிறது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கஞ்சி, எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் பல லிட்டர் குடிப்பது நல்லதல்ல.

வேலை செய்யும் இடத்தில் கழிப்பிடம் இல்லை என்று பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இது சிறுநீரகத்துக்குக் கேடு. வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பிடமும் கேட்பது நம் உரிமை.

வெயிலில் ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பை நனைத்து விசிறுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. நாம்தான் நினைவூட்டிக் கொடுக்க வேண்டும்.

உப்பு வேண்டும் என்பதால் அதிகம் சாப்பிடலாமா? கூடாது. அதிக உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ரத்த அழுத்தம் ஏறும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் போதும். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பு, தண்ணீர், இளநீர் எவ்வளவு எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டில் அன்று மாலை தாய் ஒரு காரியம் செய்தாள். சாக்கட்டியை எடுத்து, அடுப்படிச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், பெரிய எழுத்தில் எழுதினாள்:

1 பாக்கெட் – 1 லிட்டர் தண்ணீர்

மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த முதல் எழுத்து என்ன?” என்று கேட்டார்.

“அது எழுத்து இல்லை அத்தை. ஒண்ணு. அடுத்ததுதான் ‘பா’.”

படித்தோம், பேசுவோம்

1. பேதி வந்தால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று உங்கள் ஊரில் சொல்வார்களா? அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
2. ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் எப்படி வந்தது?
3. சிறுநீரகம் ஒரு நாளில் எத்தனை லிட்டர் வடிகட்டுகிறது? அதில் எவ்வளவு சிறுநீராகப் போகிறது?
4. கரைசலில் சர்க்கரை எதற்கு?
5. முழுப் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் என்ன கெடுதல்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் 1 லிட்டர் அளக்க எது இருக்கிறது? தேடி எடுத்து வையுங்கள். சுகாதார நிலையத்தில் அல்லது அங்கன்வாடியில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்குங்கள். அதில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறது? எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறது? படித்து உங்கள் நோட்டில் எழுதுங்கள். படிக்கத் தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.